அசுகாச் சிற்றூரில் ஒரு நாள்

கல்வி என்பது வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் முடிந்துவிடுவதன்று. இவ்வுண்மையை நன்குணர்ந்த ஜப்பானியப் பள்ளிகள், தம் மாணவர்களை ஒருநாள் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வதை வழக்கமாகக் கொண்டுள்ளன. இதனை அவர்கள் 'என்சோகு' என்பர். 'தொலைவு', 'கால்' என்னும் பொருளுடைய இரண்டு எழுத்துகளால் ஆனது அச்சொல். வீட்டில் அன்னையர் கட்டிக் கொடுத்த சோற்றுப் பெட்டியை முதுகுப் பையில் சுமந்து மாணவர்கள் புறப்படுவர். அவர்கள் நாடிச் செல்லும் ஊர்களுள் ஒன்று நாரா மாநிலத்தின் அசுகாச் சிற்றூர். வாருங்கள், நாமும் அவர்களோடு சென்று வருவோம்.

இரயிலை விட்டு இறங்கியவுடன் நம் கண்களுக்குத் தென்படுவன நெல் வயல்களும் சிறு குன்றுகளும் ஓட்டு வீடுகளுமே. நிலையத்தின் அருகில் மிதிவண்டிகளை வாடகைக்குப் பெறலாம். அமைதி தவழும் இவ்வூர் ஒரு காலத்தில் அரசு வீற்றிருந்த இடம் என்றால் நம்புவது அரிது. கி.பி. 592-ஆம் ஆண்டில் பேரரசி சுயிகோ இங்குதான் அரியணை ஏறினார். 694-இல் தலைநகர் வேறிடம் மாறும்வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், ஜப்பானிய அரசு பெரும்பாலும் இப்பகுதியிலிருந்தே நடைபெற்றது.

முதலில் நாம் காண்பது அசுகாக் கோயில். சோகா குடியின் தலைவரான உமாகோ இதனை எழுப்பினார். இது ஜப்பானின் மிகப் பழைய பௌத்தக் கோயில்களுள் ஒன்று. கொரியாவின் பெக்சே நாட்டிலிருந்து வந்த கைவினைஞர்கள் இதன் பணிக்கு உதவினர். இங்குள்ள வெண்கலப் புத்தர் சிலை 609-இல் தோரி என்னும் சிற்பியால் வார்க்கப்பட்டது என்பர். 1196-இல் கோயில் தீக்கிரையானது. சிதைந்த சிலையைப் பிற்காலத்தார் பழுதுபார்த்தனர். அதன் திருமுகத்தில் ஒட்டுப்போட்ட தழும்புகளை இன்றும் காணலாம்.

அடுத்து, 'கல் மேடை' எனப் பொருள்படும் இசிபுத்தாய். மேலிருந்த மண் முழுதும் நீங்கிவிட்டதால் கற்கள் மட்டுமே வெளியே தெரியும் பழங்காலக் கல்லறை இது. மேற்கூரையாக அமைந்த கற்களுள் பெரியது ஏறத்தாழ 77 டன் எடையுள்ளது. அதாவது, சுமார் 15 பெரிய யானைகளின் எடை! எந்திரங்கள் இல்லாத அக்காலத்தில், மரச் சறுக்குகளில் ஏற்றிக் கயிறு கட்டி இழுத்திருப்பர் என அறிஞர் கருதுகின்றனர். இது உமாகோவின் கல்லறையாக இருக்கலாம் என்பர். கல்லறைக்கு உரியவர் எனக் கூற ஒரு பெயராவது நமக்குக் கிடைத்திருக்கிறது. தோள் நோக அக்கல்லை இழுத்த உழைப்பாளிகளின் பெயர்களை அறிந்தவர் எவருமிலர். ஆயினும், அவர்தம் உழைப்பு இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது.

நண்பகல் உணவை முடித்துத் திரும்பும் வழியில் தக்கமட்சுசூக்கா என்னும் மண்மேட்டை அடைகிறோம். 1962-ஆம் ஆண்டளவில், இஞ்சியைச் சேமித்து வைக்க இங்குக் குழி தோண்டிய ஊரார் ஒருவர், செதுக்கப்பட்ட கல்லொன்றைக் கண்டார். அதுவே பெரும் செய்திக்கு வித்தாயிற்று. 1972 மார்ச்சில் தொல்பொருள் அறிஞர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் அகழ்ந்தபோது, சிறிய கல்லறையொன்று வெளிப்பட்டது. அதன் சுவர்களில் வண்ண உடையணிந்த ஆடவரும் மகளிரும், கதிரவனும் திங்களும், கூரையில் விண்மீன்களும் தீட்டப்பட்டிருந்தன. நாடே வியந்தது.

ஆனால், அம்மகிழ்ச்சியோடு துயரும் வந்தது. ஏறத்தாழ 1300 ஆண்டுகள் இருளில் காக்கப்பட்ட ஓவியங்கள், அறை திறக்கப்பட்ட பின் பூஞ்சையால் கெடலாயின. பொதுமக்களை உள்ளே விடாமல் காத்தும் பயனில்லை. முடிவில், 2007-இல் கல்லறையின் 16 கற்களும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கப்பட்டன. ஓவியங்களைச் சீர்செய்யும் பணி 2020-இல்தான் முடிவுற்றது. எனவே, மாணவர்கள் பொதுவாகக் காண்பது அருகிலுள்ள மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கும் நகல்களையே. கண்டுபிடிப்பதைவிடக் காப்பது கடினம் என்னும் பாடத்தை இம்மண்டபம் அவர்களுக்குக் கற்பிக்கின்றது.

அக்கடமையில் அசுகா மக்களுக்கும் பங்குண்டு. பழைமையான சூழலைக் காப்பதற்கென 1980-இல் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதனால், தம் சொந்த நிலத்திலும் விரும்பியவாறெல்லாம் கட்டடம் எழுப்ப அவர்களுக்கு இயலாது. இது சிறிய தியாகமன்று. அவர்கள் வயலை உழுது, ஊரின் தோற்றம் மாறாமல் காத்து வருவதாலேயே, பள்ளிச் சிறுவர்கள் இன்றும் அங்கு வரலாற்றைக் கண்ணாரக் காண்கின்றனர்.

மாலை மயங்குகிறது; இரயிலும் வந்துவிட்டது. வரலாறு மன்னர்க்கும் பிரபுக்களுக்கும் மட்டும் உரியதன்று. கல்லை இழுத்தவரும், இஞ்சிக்குக் குழி தோண்டியவரும், வயலைக் காப்பவரும் அதனை ஆக்கியவர்களே. இவ்வெண்ணத்தை நெஞ்சில் சுமந்து நாமும் வீடு திரும்புவோம்.