கூட்டத்துக்கு வர நேரமில்லாதவர்கள்

மலையகத்துச் சபைகள் – 11

நோர்வூட் பக்கத்துத் தோட்டக் கோவில்கள் பெண்களால்தான் நடக்கின்றன. ஞாயிறு ஆராதனைக்குத் தரை கூட்டுவது, பீடத்துக்குப் பூ வைப்பது, பாட்டெடுத்துக் கொடுப்பது, லயத்தில் யாராவது நோயில் படுத்தால் போய் ஜெபிப்பது எல்லாம் அவர்கள் பாடு. கோவில் கமிட்டி என்று வந்துவிட்டால் மட்டும் பெரும்பாலும் ஆண்களின் பெயர்கள்தான்.

இதற்கு வேதத்தைக் காரணம் காட்டுவோர் உண்டு. சபையில் பெண்கள் பேசக்கூடாது என்று பவுல் எழுதியிருக்கிறாரே என்பார்கள். அதே பவுல்தான் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில், கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளுக்கு வேண்டிய உதவியெல்லாம் செய்யச் சொல்கிறார். அதை ஏன் யாரும் எடுத்துச் சொல்வதில்லை?

கத்தோலிக்கத் திருச்சபையில் குருத்துவம் இன்றும் ஆண்களுக்கு மட்டுமே. அங்கிலிக்கன் சபையான இலங்கைத் திருச்சபை 2006இல் பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்தது. 1854இல் தமிழ் கூலி மிஷன் தொடங்கி, உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்த காலத்திலிருந்து எண்ணினால், அதற்கு 152 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. அந்தச் சபையின் ஆயர்களுக்கு மேலிருப்பவர் கன்டர்பரி பேராயர். 2025 அக்டோபரில் அந்தப் பதவிக்கு அறிவிக்கப்பட்டவரே ஒரு பெண், சாரா முலாலி.

அங்கிலிக்கன் சபையிலாவது மேலே கதவு திறந்தாகிவிட்டது. அப்படியிருந்தும் தோட்டக் கோவிலில் கமிட்டி மாறவில்லை என்றால், தடை வேறெங்கோ இருக்கிறது. அது நேரத்தில் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

கவ்வாத்து வெட்டும், முள்ளு குத்தும் ஆண் தன் கணக்கை முடித்தால் மத்தியானமே லயத்துக்குத் திரும்பிவிடலாம். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அப்படியில்லை. பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டு மலைக்குப் போனவள், சாயங்கால நிறுவை முடிந்துதான் இறங்குவாள். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வந்தது. சம்பளம் சமமானது, வேலை நேரம் சமமாகவில்லை. அதனால் சாயங்காலக் கூட்டம் என்றாலே அது ஆண்களின் கூட்டம். சரி, ஞாயிறு ஆராதனை முடிந்து வைப்போம் என்றால், அன்றுதான் பீலியில் ஒரு வாரத்துத் துணி, விறகு, டவுனில் சாமான் வாங்கும் வேலை எல்லாம். பெண்கள் எழுந்து போய்விடுவார்கள். இருப்பவர்கள் தீர்மானம் போடுவார்கள். பிறகு, எங்கள் பெண்களுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை என்று ஒரு பேச்சு. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

கமிட்டிக் கூட்டத்தை ஆராதனைக்கு முன்னால் அரைமணி நேரம் வைத்துப் பார்க்கலாம். வரவு செலவை எல்லோர் முன்னாலும் வாசிக்கலாம். பொருளாளர் பதவியைப் பெண்ணிடம் கொடுக்கலாம். தாய்மார் சங்கத்தின் சீட்டுக் கணக்கைச் சதம் பிசகாமல் வைத்திருப்பவளுக்குக் கோவில் கணக்கு பெரிதில்லை. கூட்டம் உள்ள ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது விறகுக்கும் துணிக்கும் ஆண்கள் போகட்டும்.

(தொடரும்)