ஜன்னல் தயாராகும் பட்டறைக்குள் ஒரு ரவுண்டு!

மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கி, சாத்துவதற்குள் மூச்சு வாங்க வைக்கும் பழைய மர ஜன்னலை மாற்றப் போகிறீர்களா? ஷோரூமில் யு.பி.வி.சி. ஜன்னல்கள் எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே பளபளப்பு. விஷயம் உள்ளே இருக்கிறது. அதனால் நேராகப் பட்டறைக்கே போய்விட்டோம்!

ப்ரொஃபைல் எனப்படும் நீளச் சட்டத்தை 45 டிகிரி சாய்வில் ‘சர்ர்ர்’ரென்று அறுக்கிறது ரம்பம். அறுந்த துண்டை எடுத்துப் பார்த்தால், அட, உள்ளே அறை அறையாகத் தடுப்பு! அந்த அறைகளில் அடைபட்ட காற்றுதான் வெயில் சூட்டை மட்டுப்படுத்துகிறது. பெரிய அறைக்குள் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம். அகல ஜன்னல் காற்றுக்கு வளையாமல் நிற்பது இதன் தயவில்தான்.

அடுத்தது வெல்டிங். மூலையில் பசையும் இல்லை, திருகும் இல்லை. சுமார் 250 டிகிரி சூட்டுத் தகட்டில் இரு முனைகளும் இளகுகின்றன. தகடு விலகியதும் மெஷின் அழுத்த, ஒரே உடம்பாகிவிடுகின்றன. பிதுங்கிய பிசிறைச் சீவியதும் ஜம்மென்று ஒரு மூலை!

கண்ணாடியின் கதை இன்னும் சுவாரசியம். 600 டிகிரிக்கு மேல் சுட்டு, சட்டென்று காற்றடித்துக் குளிரவைத்தால் அது டஃபன்ட். உடைந்தாலும் சிறு சிறு மணிகளாகத்தான் உதிரும். ஆனால் டஃபன் செய்தபின் ஒரு மில்லிமீட்டர்கூட வெட்ட முடியாது. அதனால்தான் அளவெடுக்க வருபவர் அகலம், உயரம் ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் அளந்து, மூலைவிட்டமும் பார்த்து, சிறிய அளவையே குறித்துக்கொள்கிறார்.

எங்களைத் துள்ள வைத்தது கடைசிக் காட்சிதான். ஸ்லைடிங் ஜன்னலின் தடத்தில் மாஸ்டர் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினார். கீழே இருந்த குட்டித் துளைகள் வழியே அத்தனையும் வெளிப்பக்கமாக ஓடிவிட்டது! ஐப்பசி அடைமழையில் வீட்டுக்குள் ஒழுகாமல் காப்பவை இந்தத் துளைகளே.

எது வாங்கலாம்? இடம் குறைவென்றால் ஸ்லைடிங். ஆனால் பாதிதான் திறக்கும், கொசுவலைக்குத் தனித் தடமும் கேளுங்கள். முழுக் காற்று வேண்டும், சத்தம் வேண்டாம் என்றால் கீல் வைத்த கேஸ்மென்ட். வெளியே திறக்கும் கேஸ்மென்ட்டுக்கு கிரில் உட்பக்கம் வரவேண்டும், மறக்காதீர்கள்!

ஆர்டர் கொடுக்கும்முன் அறுத்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உள்ளிருக்கும் இரும்பின் கனத்தையும் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். நல்ல பட்டறைக்காரர் இரண்டையும் சந்தோஷமாகச் செய்வார்!