போத்தல் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா?

பள்ளி விட்டுப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் நீங்கள் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்? பாடப் புத்தகத்தையா, சட்டையில் பட்ட கறையையா? இன்று ஒரு நாள், புத்தகப் பையின் ஓரத்தில் செருகியிருக்கும் தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுத்துப் பாருங்கள், தாய்மார்களே! காலையில் நிரப்பிக் கொடுத்தபடியே கனக்கிறதா? அப்படியானால் ஐந்தாறு மணி நேரமாக உங்கள் பிள்ளையின் தொண்டை நனையவே இல்லை.

மதியம் ஒரு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பள்ளி வாசலில் நின்று பார்த்தால் இது தெரியும். வியர்த்து, முகம் வாடி வரும் பிள்ளைகள் பலர் முதுகில் தண்ணீரைச் சுமந்துகொண்டே ஐஸ் போட்ட சிராப்புக்குக் கை நீட்டுகிறார்கள். கிள்ளானுக்கு அப்பால் செம்பனைத் தோட்டங்களிலிருந்து பேருந்தில் வந்து போகும் பிள்ளைகளுக்கோ வீடு சேர இன்னும் நேரமாகிறது.

“தாகம் எடுத்தால் தானே குடித்துக்கொள்வான்” என்று நாம் எண்ணுகிறோம். அது சரியன்று. விளையாட்டிலும் பேச்சிலும் மூழ்கிய பிள்ளை தாகத்தைக் கவனிப்பதில்லை. தாகம் உறைக்கும்போது உடம்பில் நீர் ஏற்கெனவே குறையத் தொடங்கியிருக்கும். தலைவலி, சோர்வு, பாடத்தில் மனம் பதியாமை, மலச்சிக்கல், சிறுநீர்க் கடுப்பு ஆகியவை இதனாலும் வரலாம். வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுமுன், அது தண்ணீர் குடித்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

வேலைக்காட்டுக்குக் குலை வெட்டப் போகும் தகப்பனார் தண்ணீரை மறந்து போவாரா? வெயிலின் கொடுமை அவருக்குத் தெரியும். அதே வெயில்தானே பள்ளித் திடலிலும் காய்கிறது!

இது வீண் பயமுறுத்தல் அல்ல. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கிளந்தானில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் வெப்பத் தாக்கத்தாலும் கடுமையான நீரிழப்பாலும் உயிரிழந்தான். அதையடுத்துப் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகளைக் கல்வி அமைச்சு தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. வெயில் வேளையில் பிள்ளையின் உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சு குழறி, மயக்கம் வந்தால் உடனே நிழலுக்குக் கொண்டு செல்லுங்கள். ஆடையைத் தளர்த்தி, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 999-ஐ அழையுங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சரி, பிள்ளை ஏன் குடிக்கவில்லை? இங்கேதான் நாம் பொறுமையாகக் கேட்க வேண்டும். “மறந்து போனேன்” என்று முதலில் சொல்லும். அதட்டாமல் மீண்டும் கேளுங்கள். “குடித்தால் கழிப்பறைக்குப் போகணுமே, அம்மா. அங்கே நாற்றம், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை” என்று சில பிள்ளைகள் சொல்வதுண்டு. பெரிய பெண்பிள்ளைகள் இதை வெளியே சொல்லவும் கூசுவார்கள். அடக்கி அடக்கி வைப்பதால் சிறுநீர்த் தொற்று வரும் அபாயம் கூடும். பிள்ளை அப்படிச் சொன்னால், “பரவாயில்லை, குடி” என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். தாழ்ப்பாளுக்கும் சவர்க்காரத்துக்கும் பெரிய செலவு ஆகிவிடாது.

மறதிக்கு நல்ல மருந்தைக் கேரளம் காட்டியது. 2019-இல் அங்குள்ள பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக மணி அடித்தார்கள். மணி கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் போத்தலை எடுத்து ஒன்றாகக் குடிப்பார்கள். கர்நாடகமும் தெலுங்கானாவும் அதே ஆண்டில் இதைப் பின்பற்றின. 2025-இல் தமிழகப் பள்ளிகளிலும் இந்தத் தண்ணீர் மணி வந்தது. ஒருவன் தனியாகக் குடிக்கக் கூச்சம். எல்லாரும் குடித்தால் பழக்கம்! நம் பள்ளி ஆசிரியர்களிடமும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். பாடம் மாறும்போது, “ஆளுக்கு நாலு வாய் குடியுங்கள்” என்று ஆசிரியர் ஒரு சொல் சொன்னால் போதுமே.

எவ்வளவு குடிக்க வேண்டும்? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் வகுத்த கணக்குப்படி, 4 முதல் 8 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1.6 லிட்டர் நீர் தேவை. 9 முதல் 13 வயதில் ஆண்பிள்ளைக்கு 2.1 லிட்டர், பெண்பிள்ளைக்கு 1.9 லிட்டர். சாப்பாட்டிலும் பழத்திலும் உள்ள நீரும் இதில் அடக்கம். நம் ஊர் வெயிலில் ஓடியாடும் பிள்ளைக்குச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். அளந்து பார்க்க முடியாவிட்டால் சிறுநீரின் நிறத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். வெளிர் மஞ்சள் என்றால் நலம். கடும் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ள பிள்ளைக்கு மட்டும் மருத்துவர் சொல்லும் அளவே அளவு.

தண்ணீர் என்றால் தண்ணீர்தான். 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சீனி கலந்த பானத்தை 320 மில்லிலிட்டர் குடித்தால் 32 கிராம் சீனி உள்ளே போகிறது. அது ஏறக்குறைய 8 தேக்கரண்டி! அளவு மிஞ்சிய இனிப்புப் பானங்களுக்கு நம் அரசாங்கம் 2019 ஜூலை முதல் வரி விதித்து வருவதும் காரணத்தோடுதான். கொதித்து ஆறிய தண்ணீருக்கு அந்த வரியும் இல்லை, பல் சொத்தையும் இல்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய் வறண்ட நாட்களையும் நாம் மறந்துவிடவில்லை. 1998-இல் பங்கீடு, 2014-இல் மீண்டும் பங்கீடு, 2020 செப்டம்பரில் ஆற்று மாசினால் தடை என்று எத்தனை பார்த்துவிட்டோம்! அப்படிப்பட்ட நாட்களில் காய்ச்சிய தண்ணீரில் முதல் பங்கைப் பிள்ளையின் போத்தலுக்கு எடுத்து வையுங்கள். சேமித்த தண்ணீரை நன்றாக மூடி வையுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அது தொட்டிலாகிவிடும்.

காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் ஒரு குவளை, பள்ளியில் ஒரு போத்தல், வீடு திரும்பியதும் ஒரு குவளை என்று தொடங்குங்கள். நீங்களும் பிள்ளையோடு சேர்ந்து குடியுங்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது நல்ல பழக்கமாகவே இருக்கட்டுமே!

நாளை மாலை அந்தப் போத்தலை மறுபடியும் தூக்கிப் பாருங்கள். காலியாக வந்திருந்தால் பிள்ளையை ஒரு வார்த்தை பாராட்டுங்கள். நிறைந்தபடியே வந்திருந்தால், கோபப்படாமல் பக்கத்தில் உட்கார வைத்து, “ஏன் கண்ணு?” என்று கேளுங்கள்.