வீட்டை மாற்றியமைக்குமுன்: டில்லியின் கட்டட விதிகளும் கட்டணங்களும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் மொழி. கட்டிய வீட்டை மாற்றிப் பார்ப்பதைப் பற்றி அவர்கள் தனியே ஒன்றும் கூறிவைக்கவில்லை. ஊரிலே பின்கட்டில் ஓர் அறை கூடுதலாக வேண்டுமென்றால், நல்ல நாள் பார்த்துக் கொத்தனாருக்குச் சொல்லியனுப்பினால் போதும் என்றிருந்த காலம் அது. உத்தியோகத்தின் பொருட்டுத் தலைநகருக்கு வந்து, சேமநிதியிலிருந்தும் வங்கிக் கடனிலிருந்தும் பணம் திரட்டி, மயூர் விஹாரிலோ ஜனக்புரியிலோ துவாரகாவிலோ இரண்டு அறை கொண்ட வீடொன்றுக்கு உரிமையாளரான தமிழரின் நிலை வேறு. ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கவேண்டும். மகளுக்குப் படிக்க இடம் வேண்டும். பால்கனியை அறையாக்கலாமா? நடுச்சுவரை எடுத்துவிடலாமா? யாரிடம் அநுமதி பெறவேண்டும்? என்ன கட்டணம் செலுத்தவேண்டும்? இவற்றை இயன்றவரை எளிதாக எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் அறியவேண்டியது, நம் வீடு எந்த அமைப்பின் ஆளுகைக்கு உட்பட்டது என்பது. டில்லியின் பெரும்பகுதி, 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த டில்லி மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளது. 2012-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட இம்மாநகராட்சி, 2022 மே மாதத்தில் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. புது டில்லியின் மையப் பகுதி 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் புது டில்லி நகராட்சி மன்றத்தைச் சேர்ந்தது. ராணுவக் குடியிருப்புப் பகுதிக்குக் கண்டோன்மென்ட் வாரியம் உண்டு. டி.டி.ஏ. என்று யாவரும் அழைக்கும் டில்லி வளர்ச்சி ஆணையம், தான் கட்டி விற்ற அடுக்குவீடுகளுக்குத் தனி விதிகளை வகுத்துள்ளது. அமைப்புக்கள் பலவாயினும், கட்டட விதிகள் பெரும்பாலும் ஒன்றே. 1983-ஆம் ஆண்டின் பழைய விதிகளுக்குப் பதிலாக, ஒருங்கிணைந்த கட்டடத் துணைவிதிகள் 2016 மார்ச் 22 அன்று வெளியிடப்பட்டன.

இவ்விதிகள் பல நூறு பக்கங்கள் கொண்டவை. வீட்டுக்காரர் அவற்றை முழுவதும் படிக்கவேண்டியதில்லை. செய்ய எண்ணும் வேலை எதுவாயினும், அதைப் பற்றி மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். ஒன்று: இவ்வேலை கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் தூண், உத்தரம், சுவர் ஆகியவற்றைத் தொடுகிறதா? இரண்டு: நம் எல்லையைத் தாண்டி அண்டை வீட்டையோ பொது வழியையோ பாதிக்கிறதா? மூன்று: கட்டடத்தின் பரப்பையோ உயரத்தையோ கூட்டுகிறதா? மூன்றுக்கும் "இல்லை" என்பது விடையானால், பெரும்பாலும் அநுமதி தேவைப்படாது. ஒன்றுக்கேனும் "ஆம்" என்று விடை வந்தால், வேலையைத் தொடங்குமுன் அலுவலகப் படியேறத்தான் வேண்டும். செலவாகும் தொகை இங்கு அளவுகோல் அன்று. பல லட்சம் செலவழித்துப் பளிங்குத் தரை போடுவதற்கு அநுமதி வேண்டியதில்லை. சில ஆயிரத்தில் ஒரு தூணைச் செதுக்குவதற்கு வேண்டும்.

அநுமதி வேண்டாத வேலைகளை 2016-ஆம் ஆண்டு விதிகளே வரிசையாகக் கூறுகின்றன. வெள்ளையடித்தல், வர்ணம் பூசுதல், சுவர்ப் பூச்சைப் புதுப்பித்தல், தரையை மாற்றுதல், அதே உயரத்தில் கூரையைப் புதுப்பித்தல், உள்ளே தடுப்புச்சுவர் எழுப்புதல், பரணாகப் பயன்படுத்த இயலாத பொய்க்கூரை அமைத்தல் ஆகியவை அவற்றுட் சில. சொந்த மனைக்குள் திறக்கும் சன்னலையும் கதவையும் வைக்கலாம், அடைக்கலாம்; பிறர் மனையையோ பொதுச் சாலையையோ நோக்கித் திறக்கலாகாது. 75 சென்டிமீட்டருக்கு மேற்படாத வெயில்மறைப்பு அமைக்கலாம். அது தெருவின்மேல் நீண்டிருக்கக் கூடாது. மாடியின் கைப்பிடிச்சுவர் ஒரு மீட்டருக்குக் குறையாமலும் ஒன்றரை மீட்டருக்கு மிகாமலும் இருக்கலாம். இச்சலுகைகள் யாவும் கட்டடத்தின் உறுதிக்கும் தீப் பாதுகாப்புக்கும் ஊறு நேராத வரையில்தான் செல்லும். புராதனச் சின்னமாகக் குறிக்கப்பட்ட கட்டடங்களுக்கு முறை வேறு.

டி.டி.ஏ. அடுக்குவீடுகளில் வாழும் நம்மவர் ஏராளம். அங்கே முன்னநுமதியின்றிச் செய்யத்தக்கவை என்று ஆணையம் ஒரு பட்டியல் அளித்துள்ளது. வராந்தாவுக்குக் கம்பியும் கண்ணாடியும் பொருத்தலாம். நாலரை அங்குல அரைச்செங்கல் சுவரை நீக்கலாம். குளிர்சாதனப் பெட்டிக்காகச் சுவரில் இரண்டரை அடிக்கு ஒன்றேமுக்கால் அடி அளவில் திறப்பு வைக்கலாம். ஆனால் முற்றத்தையோ மேல்தளத்தையோ மூடிப் புதிய பரப்பு உண்டாக்குவதற்கு அநுமதி வேண்டும், கட்டணமும் உண்டு. அடுக்குவீட்டின் இயல்பு அத்தகையது. மேலும் கீழுமாக ஒரே வரிசையில் உள்ள வீடுகளின் சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஒருவர் தம் வீட்டில் எடுக்கும் சுவர் மேலுள்ளவரின் தரையைத் தாங்குவதாக இருக்கலாம். ஆகவேதான் அவ்வரிசையிலுள்ள ஏனையோரின் இசைவும், கட்டமைப்புப் பொறியாளரின் சான்றும் கேட்கப்படுகின்றன. கூட்டுறவுச் சங்கக் குடியிருப்பாயின், சங்கத்தின் எழுத்துமூலமான சம்மதத்தையும் பெற்றுக்கொள்வது நலம்.

தனி மனையில் வீடுள்ளோர் மாடி எழுப்ப விரும்பினால், எவ்வளவு எழுப்பலாம் என்பதற்கு வரம்புண்டு. 2007 பிப்ரவரி 7 அன்று வெளியான, 2021-ஆம் ஆண்டுக்கான டில்லிப் பெருந்திட்டம் இவ்வரம்பை வகுத்தது. அதன்படி 100 சதுர மீட்டர் வரையிலுள்ள குடியிருப்பு மனையில் 90 சதவீத நிலத்தின்மீது கட்டலாம். எல்லாத் தளங்களின் பரப்பும் சேர்ந்து மனையைப்போல் மூன்றரை மடங்குக்கு மேற்படலாகாது. அஃதாவது, 100 சதுர மீட்டர் மனையில் மொத்தம் 350 சதுர மீட்டர். உயரம் 15 மீட்டர். கீழே வண்டி நிறுத்தத் தூண்தளம் விட்டால் பதினேழரை மீட்டர். மனை 105 சதுர மீட்டருக்கு உட்பட்டதானால், விதிகளுக்கு இணங்கக் கட்டுவதாக உறுதிமொழியும் உரிய கட்டணமும் செலுத்தி வேலையைத் தொடங்கலாம் என்னும் எளிய முறை 2016 விதிகளால் வந்தது. பெரிய மனைகளுக்கு அநுமதி வழங்கும் கெடுவும் அவ்வாண்டில் 60 நாளிலிருந்து 30 நாளாகக் குறைக்கப்பட்டது.

இனிக் கட்டணங்களைப் பார்ப்போம். இவற்றின் விகிதங்கள் அவ்வப்போது மாறுவன. ஆதலின் இனங்களை மட்டும் அறிந்துகொண்டு, செலுத்தும் நாளில் மாநகராட்சியின் பட்டியலைப் பார்த்துக்கொள்வதே முறை. முதலாவது, தளப்பரப்பைக் கணக்கிட்டு வாங்கும் அநுமதிக் கட்டணம். இரண்டாவது, முன்பு அநுமதிக்கப்பட்டதற்கு மேலாகப் பரப்பைக் கூட்டும்போது செலுத்தவேண்டிய கூடுதல் பரப்புக் கட்டணம். மூன்றாவது, கட்டட இடிபாடுகளை அகற்றுவதற்கானது. நான்காவது, கட்டடத் தொழிலாளர் நலனுக்கான மேல்வரி. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட இவ்வரி, கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் வாங்கப்பட்டு வந்தது. தாமே குடியிருக்கக் கட்டும் வீட்டின் செலவு 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் அச்சட்டம் விலக்கு அளித்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவ்வரம்பை 50 லட்சமாக உயர்த்தியது. ஆகவே, குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையைப் பெரிதாக்கும் சாமானியக் குடும்பத்தை இவ்வரி தொடுவதில்லை. இடைத்தரகர் எவரேனும் அதன் பெயரால் பணம் கேட்டால், இவ்வரம்பை அவருக்கு நினைவூட்டலாம். விண்ணப்பம், வரைபடம், கட்டணம் ஆகிய மூன்றையும் இணையவழியே செலுத்தும் வசதி மாநகராட்சியில் இருப்பதால், ரசீதின்றி யாரிடமும் பணம் கொடுக்கவேண்டியதில்லை.

டில்லியில் பருவத்தையும் கருதவேண்டும். குளிர்காலத்தில் காற்றின் மாசு மிகும்போது, 2017 முதல் நடப்பிலுள்ள படிப்படியான நடவடிக்கைத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் வந்ததும் இடித்தல், மண்வேலை, செங்கல்வேலை முதலிய தூசி எழுப்பும் வேலைகள் தடுக்கப்படுகின்றன. குழாய்வேலை, மின்வேலை, வீட்டினுள் தச்சுவேலை ஆகியவற்றுக்கு விலக்குண்டு. தீபாவளி கழிந்ததும் சுவரை இடிக்கத் தொடங்கினால், பாதியில் நின்று குளிரில் நடுங்கநேரும். இடிந்த செங்கல்லையும் காரையையும் சாலையோரத்தில் கொட்டுவதும் தண்டத்துக்குரியது. மாநகராட்சி குறித்த இடங்களில் சேர்ப்பித்தால், அவை ஆலைகளில் அரைக்கப்பட்டு மீண்டும் பயனாகின்றன. புராரியில் அத்தகைய ஆலை 2009 முதல் இயங்கி வந்துள்ளது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2010 நவம்பர் 15 அன்று இரவு, கிழக்கு டில்லி லக்ஷ்மி நகரின் லலிதா பார்க் பகுதியில் பல மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து, அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிழைப்புத் தேடி வெளிமாநிலங்களிலிருந்து வந்து வாடகைக்குக் குடியிருந்தவர்களே அவர்களிற் பெரும்பாலோர். கீழே நிலவறையில் நீர் தேங்கியிருந்தது. மேலே அநுமதியின்றித் தளங்கள் ஏற்றப்பட்டிருந்தன. 2002-இல் வெளியான இந்தியத் தரநிர்ணய விதி, டில்லியை நில நடுக்க அபாயம் மிகுந்த நான்காம் மண்டலத்தில் வைத்தது. அத்தகைய மண்ணில் ஒரு தூணின் பலத்தைக் கொத்தனாரின் கண்ணளவுக்கு விட்டுவிடலாகாது.

அநுமதியின்றிக் கட்டிவிட்டால் நேர்வதென்ன? 1957-ஆம் ஆண்டுச் சட்டம் வேலையை நிறுத்தவும், கட்டடத்தை முத்திரையிட்டு மூடவும், இடிக்கவும் மாநகராட்சிக்கு அதிகாரம் அளிக்கிறது. எனினும் நம் தரப்பைக் கூற வாய்ப்பளிக்காமல் இடிப்பு ஆணை பிறப்பிக்கக் கூடாது. ஆணையை எதிர்த்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், முன்கூட்டி 15 நாள் அறிவிப்புத் தராமல் கட்டடம் எதையும் இடிக்கலாகாது என்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் எழுப்பியவற்றுக்கு இப்பாதுகாப்புப் பொருந்தாது.

இங்கே ஒரு மொழி விஷயத்தையும் கூறவேண்டும். நம்மவரிற் பலர் ஹிந்தியில் பேசுவர். ஆனால் அறிவிப்புக் கடிதத்தின் ஹிந்தி வேறு. 'நக்ஷா' என்றால் வரைபடம். 'மல்பா' என்பது இடிபாடு. 'டேக்கேதார்' ஒப்பந்தக்காரர். 'சஜ்ஜா' வெயில்மறைப்பு. 'ஷபத் பத்ர' உறுதிமொழிப் பத்திரம். 'அவைத் நிர்மாண்' என்று வந்தால் அநுமதியற்ற கட்டுமானம் என்று பொருள். சொந்த இடத்தில் விதி மீறியதைக் குறிப்பது. அது சிறிய மீறலாயின் கட்டணம் செலுத்தி வரன்முறை செய்துகொள்ள வழியுண்டு. 'அதிக்ரமண்' என்று வந்தாலோ அது ஆக்கிரமிப்பு; பொது நிலத்தில் கால் வைத்ததாகக் குற்றச்சாட்டு. இதற்கு வரன்முறை கிடையாது. கடிதத்தில் இவ்விரண்டில் எச்சொல் உள்ளது என்பதை முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு வழக்கறிஞரிடம் செல்வது உசிதம்.

"எல்லாரும் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்" என்று டேக்கேதார் கூறுவார். வேலை முடிந்ததும் அவர் போய்விடுவார். வீடு நம்மோடு இருக்கும். பணி ஓய்வு பெற்று ஊர் திரும்ப எண்ணி அதை விற்க முற்படும்போது, வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கி அநுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்கும். வரைபடத்தில் இல்லாத அறை நேரில் நின்றால், விலை குறையும், அல்லது விற்பனையே தடைப்படும். முப்பது ஆண்டு உழைப்பின் பயன் அந்த ஓர் அறையில் சிக்கிக்கொள்ளும்.

மும்பையிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்கு இங்குக் கூறிய எண்கள் பொருந்தா. மூன்று கேள்விகளும் பொருந்தும். முன்பணம் கொடுக்குமுன் அவற்றைக் கேளுங்கள். அநுமதிக் கடிதம், கட்டண ரசீது, பொறியாளரின் சான்று, வேலை முடிந்ததற்கான சான்றிதழ் ஆகியவற்றை வீட்டுப் பத்திரத்தோடு ஒரே கட்டில் வைத்துப் பாதுகாத்து வாருங்கள்.