வெயிலில் நிற்கும் தண்ணீர் கேன்

வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேன் காலியானதும் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பெரும்பாலும் ஒரு முக்கோணமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். 1 என்றால் அது பெட் பிளாஸ்டிக். 7 என்றால் 'மற்ற வகை'. கண்ணாடிபோலத் தெளிவாகவும் கெட்டியாகவும் உள்ள பாலிகார்பனேட் இந்த 7-இல்தான் சேரும்.

பிஸ்பீனால் ஏ (பிபிஏ) என்னும் ரசாயனத்தின் மூலக்கூறுகளை மணிகோப்பதுபோல நீளமாகக் கோத்தால் கிடைப்பதுதான் பாலிகார்பனேட். கோக்கப்படாமல் நின்றுபோன மணிகளும் அதில் கொஞ்சம் உண்டு. சூடும் காரமான சோப்பும் பட்டுப் பழசானால் கோத்த மணிகளும் உதிரும். உதிர்ந்தது தண்ணீரில் கலக்கும்.

கலந்தால் என்ன ஆகும்? 1998-இல் அமெரிக்க விஞ்ஞானி பேட்ரிசியா ஹன்ட் தம் ஆய்வகத்து எலிகளைப் பார்த்துத் திகைத்தார். வழக்கமாக நூற்றுக்கு ஒன்றிரண்டு கருமுட்டைகளில்தான் கோளாறு இருக்கும். திடீரென்று அது நாற்பதானது! தேடித் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தார். தரை கழுவும் கடுமையான சோப்பால் யாரோ எலிக்கூண்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் கழுவியிருந்தார்கள். அவை பாலிகார்பனேட்டால் ஆனவை; சிதைந்து, பிபிஏவைக் கசியவிட்டிருந்தன.

நம் உடலுக்குள் செய்தி கொண்டுபோகும் ஹார்மோன்களில் ஒன்று ஈஸ்ட்ரோஜன். பிபிஏ அதைப்போல வேடமிட்டு செல்களை ஏமாற்றும். வளரும் குழந்தைகளுக்கு இது கூடுதல் ஆபத்து. அதனால்தான் இந்தியத் தர நிர்ணய விதிகள் 2015-இல் பால் புட்டிகளில் பாலிகார்பனேட் கூடாது என்றன. 2023-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் தினமும் உட்கொள்ளக்கூடிய பிபிஏவின் அளவை 20,000 மடங்கு குறைத்தது! முன்பு பயமில்லை என்று நினைத்த அளவே நோய் எதிர்ப்புச் சக்தியைப் பாதிக்கலாம் என்று தெரிந்ததுதான் காரணம்.

பெட் பாட்டிலில் பிபிஏ இல்லை. ஆனால் அதைத் தயாரிக்கும்போது சேரும் ஆன்டிமனி, சூடு ஏற ஏறக் கூடுதலாகக் கசியும்.

இப்போது நம்ம கடலூர் முதுநகருக்கு வாருங்கள். கத்திரி வெயிலில் குட்டியானை வண்டியில் கேன்களை அடுக்கி, மேலே ஒன்றும் மூடாமல் மணிக்கணக்கில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே இப்போது தெரியும். கேன் கொண்டுவரும் அண்ணனிடம், "அண்ணா, மேல ஒரு தார்ப்பாய் போடுங்க" என்று கேளுங்கள். கீறல் விழுந்து மங்கிப்போன கேன் வந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். பள்ளிக்கு எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள். டீ வாங்க அனுப்பினால் தூக்குவாளியை மறக்காதீர்கள். கொதிக்கும் டீயை பிளாஸ்டிக் கவரில் வாங்கவே வாங்காதீர்கள்.