ஓவியத்துக்கு வயது சொல்லும் கல் படலம்

இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் லியாங் கரம்புவாங் என்றொரு சுண்ணாம்புக்கல் குகை உள்ளது. அதன் கூரையில் சிவப்பு நிறத்தில் ஒரு காட்டுப்பன்றியும், மனிதரைப் போன்ற மூன்று சிறிய உருவங்களும் காணப்படுகின்றன. அந்த ஓவியம் குறைந்தது 51,200 ஆண்டுகள் பழைமையானது என 2024இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

அதென்ன 'குறைந்தது'?

கரியால் வரைந்த ஓவியமென்றால், அதிலுள்ள கார்பனை அளந்து ஏறக்குறைய 50,000 ஆண்டுகள் வரை வயதை அறியலாம். இந்தப் பன்றியோ காவிக்கல் நிறத்தில் தீட்டப்பட்டது. காவியின் சிவப்பு, இரும்பு ஆக்சைடு தருவது; அதில் அளப்பதற்குக் கார்பன் இல்லை. எனவே ஆய்வாளர்கள் வண்ணத்தை விட்டுவிட்டு, அதன்மேல் படிந்த கல்லை ஆராய்ந்தனர்.

மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறிக் கசியும்போது, ஓவியத்தின்மேல் மெல்லிய கால்சைட் படலம் உருவாகிறது. அந்த நீரில் யுரேனியம் சிறிதளவு கரைந்து வரும்; தோரியம் எளிதில் கரையாது. ஆகவே, புதிய படலத்தில் தோரியம் அநேகமாக இருக்காது. காலப்போக்கில் யுரேனியம் சிதைந்து தோரியமாக மாறுகிறது. இவ்விரண்டின் விகிதத்தை அளந்தால் படலத்தின் வயது தெரியும். படலம் படிவதற்கு முன்பே பன்றி அங்கே இருந்திருக்க வேண்டும் அல்லவா? எவ்வளவு முன்பு என்பதைப் படலம் சொல்லாது. அதனால்தான் 'குறைந்தது'!

இதே கசிவு நீர் உப்பையும் கொண்டுவருகிறது. நீர் ஆவியானதும் உப்பு படிகமாக வளர்ந்து, பாறையின் மேற்பரப்பைப் பெயர்க்கிறது. இந்த வட்டாரக் குகைகளில் பல ஓவியங்கள் இப்படிச் செதில் செதிலாக உதிர்ந்து வருகின்றன. பருவநிலை மாற்றம் இதை விரைவுபடுத்துவதாக 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. உதிரும் துண்டோடு, வயதைச் சொல்லும் படலமும் போய்விடுகிறது.