கிளினிக் கொப்பியில் இல்லாத செல் துண்டு

அல்லைப்பிட்டியில் நான் சந்தித்த அம்மா ஒருவர் மூன்று கிளினிக் கொப்பிகளைப் பொலித்தீன் பை ஒன்றுக்குள் சுற்றி வைத்திருக்கிறார். நீரிழிவுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. 2006 ஓகஸ்டில் ஊருக்குள் செல் விழுந்தபோது அவரது முதுகில் பாய்ந்த துண்டைப் பற்றி மூன்றிலும் ஒரு வரிகூட இல்லை. அப்போது வைத்தியம் பார்த்த கடதாசிகள் இடப்பெயர்வோடு போய்விட்டன.

அண்மையில் நாரிநோவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனார். உடலில் உலோகம் ஏதும் உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டார்.

"நகையைத்தான் கேக்கினம் எண்டு நினைச்சன் பிள்ளை. காப்பு, தோடு எல்லாம் கழட்டிப்போட்டன்தானே."

உடை மாற்ற உதவிய தாதி தழும்பைக் கண்டு விசாரித்ததால்தான் பரிசோதனை நிறுத்தப்பட்டது.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் மிகப் பலமான காந்தம். உடம்புக்குள் இருக்கும் இரும்புத் துண்டை அது அசைக்கலாம், சூடாக்கலாம். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்கு அருகில் துண்டு இருந்தால் ஆபத்து அதிகம். செல் துண்டு உள்ள எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. கூடாது என்பதல்ல. எக்ஸ்ரேயைப் பார்த்துக் கதிரியல் வைத்தியர் முடிவெடுப்பார். துண்டு இருப்பது முதலில் அவருக்குத் தெரியவேண்டும்.

எல்லாம் கணினிக்குள் வந்தால் இந்தச் சிக்கல் தீரும் என்று பலர் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. அமெரிக்கப் போதனா வைத்தியசாலை ஒன்றில் கணினி வழியாக மருந்து எழுதும் முறையை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரை, அந்த முறையே வழிவிடும் 22 வகைத் தவறுகளைப் பட்டியலிட்டது. ஒரு நோயாளியின் மருந்துகள் அனைத்தையும் காண 20 திரைகள் வரை திறக்கவேண்டியிருந்ததாம்.

மாறாக, 2014இல் வெளியான ஐ-பாஸ் ஆய்வு வைத்தியர்களின் பேச்சைத் திருத்தியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 வைத்தியசாலைகளின் சிறுவர் பிரிவுகளில், கடமை மாறும்போது நோயாளியை ஒப்படைக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார்கள். நோய் எவ்வளவு கடுமை, அடுத்துச் செய்யவேண்டியது என்ன, எதை எதிர்பார்க்கலாம் என்பவற்றை ஒப்படைப்பவர் சொல்வார். பொறுப்பேற்பவர் தான் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். எழுத்திலும் குறிப்பு இருக்கும். 10,740 அனுமதிகளை ஆராய்ந்ததில் மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. ஒப்படைக்கும் நேரமும் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை.

தீவகத்தில் இந்த ஒப்படைப்பு அதிகம். அல்லைப்பிட்டியார் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய்விடலாம். நெடுந்தீவு நோயாளி குறிகட்டுவானுக்குப் படகேறி, வாகனம் மாறி வரவேண்டும். கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் ஏதாவது தவறிப்போகும். இலங்கைச் சுகாதாரத்துறை கொண்டுவரும் தனிநபர் சுகாதார இலக்கம் அதற்கு உதவும்தான். ஆனால் முதற்பதிவின்போது யாராவது இருந்து, "செல் பட்டதா, எங்கை பட்டது?" என்று இதே சொற்களில் கேட்கவேண்டும். "உலோகம்" என்று கேட்டால் எங்கள் அம்மாமார் காப்பைத்தான் கழற்றுவார்கள்.

அதுவரை செய்யக்கூடியது உண்டு. காயத்தைப் பற்றி வைத்தியரிடம் நீங்களே சொல்லி, எல்லாக் கொப்பியிலும் எழுதுவியுங்கள். பழைய எக்ஸ்ரேயை எறியாதீர்கள். போனிலும் படமெடுத்து வையுங்கள்.

அந்த அம்மாவின் மூன்று கொப்பி மட்டைகளிலும் பேத்தி இப்போது சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறாள்: "முதுகில் செல் துண்டு இருக்கிறது."